பள்ளிக்கூடத்தில் செல்போன்: பூட்டா? புத்தியா?

(அவலூர்பேட்டையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பள்ளிக்கூடங்களில் செல்போன், கம்ப்யூட்டர், இண்டர்நெட் முதலியவைகளை எப்படி உபயோகிப்பது, அதற்கு விதி வேண்டுமா, வேண்டுமானால் அந்த விதியை யார் செய்வது என்பதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலர், "இது பட்டணத்துப் படிப்பாளிகள் குளிர்ச்சியான மண்டபத்தில் உட்கார்ந்து பேசவேண்டிய சங்கதியாயிற்றே! வேர்க்கடலையும் நெல்லும் போட்டு, சந்தையில் ஆடு விற்றுப் பிழைக்கிற நமக்கு இதில் என்ன வேலை?" என்று நினைக்கலாம்.

தோழர்களே! நான் சொல்லுகிறேன், இது பட்டணத்தானைவிட நமக்குத்தான் அதிகம் சம்பந்தப்பட்ட விஷயமாகும். பட்டணத்தில் படித்த தகப்பன் வீட்டில் பிள்ளை கையில் செல்போன் இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று தகப்பனுக்குத் தெரியும். நம் வீட்டிலோ தகப்பனுக்குப் பணம் அனுப்பத் தெரியாவிட்டால் ஏழாவது படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிறான். பாஸ்வேர்டு பிள்ளைக்குத் தெரியும், தகப்பனுக்குத் தெரியாது. ஆகவே நம் வீடுகளில் பிள்ளைக்கு வழி சொல்ல ஆள் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றுதான் சொல்ல முடியும். அதுவும் சொல்லாவிட்டால் பிள்ளை அந்த யந்திரத்தினிடமே வழி கேட்டுக்கொள்ளும்.

பிரதம் என்ற ஸ்தாபனத்தார் நாடெங்குமுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, 2024 ஆம் ஆண்டுக்கான அசர் அறிக்கையை வெளியிட்டார்கள். அதன்படி கிராமங்களில் 14 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனை உபயோகிக்கத் தெரிகிறது. முந்தின வாரத்தில் அதைப் படிப்புக்காக உபயோகித்தவர்கள் நூற்றுக்கு 57 பேர். சமூக வலைத்தளம் பார்க்க உபயோகித்தவர்கள் நூற்றுக்கு 76 பேர். சரி, அப்படிச் சமூக வலைத்தளம் பார்க்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தொல்லை கொடுக்கிறவனைத் தடுத்து நிறுத்தவும் புகார் செய்யவும் தெரிகிறது என்று பார்த்தால் நூற்றுக்கு 62 பேருக்குத்தான். தன் பக்கத்தை அந்நியர் பார்க்காமல் மூடி வைத்துக்கொள்ள நூற்றுக்கு 55 பேருக்குத்தான் தெரிகிறது. மற்றவர்கள் கதி என்ன? கதவில்லாத வீட்டில் குடியிருப்பவர்கள் கதிதான்.

பேயும் இல்லை, வரமும் இல்லை

இந்த யந்திரத்தைப்பற்றி நம் ஜனங்களிடம் இரண்டுவித அபிப்பிராயங்கள் இருக்கின்றன. ஒரு கூட்டத்தார், செல்போன் ஒரு பேய், அது பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் விடாது, அதை ஓட்டினால்தான் குடும்பம் உருப்படும் என்கிறார்கள். இன்னொரு கூட்டத்தார், அது ஒரு வரம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டால் கல்வி தானாக வந்துவிடும் என்கிறார்கள். ஒருவர் பேயோட்டப் பார்க்கிறார். மற்றவர் வரம் கேட்கிறார். பகுத்தறிவுள்ளவன் இரண்டையும் தள்ளிவிட்டு, "இது என்ன வஸ்து? எப்படி வேலை செய்கிறது? இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பான்.

நம் கிணற்று மோட்டாரைப் பாருங்கள். கரண்ட் பிடித்தால் சாவு என்பது உண்மைதான். அதற்காக ஏற்றம் இறைப்பதற்குத் திரும்பிப் போய்விட்டோமா? இல்லை. பீஸ் கட்டை வைத்தோம். மண்ணில் கம்பி இறக்கினோம். மழைக்காலத்தில் ஈரக்கையோடு தொடாதே என்று பிள்ளைக்குச் சொன்னோம். வயது வந்ததும் ஸ்டார்ட்டரை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று கூட இருந்து பழக்கினோம். இந்த நான்கு காரியமும் செல்போனுக்கும் வேண்டும். இதற்குத்தான் படித்தவர்கள் "டிஜிட்டல் குடிமைப் பண்பு" என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டு பயப்படாதீர்கள். தெருவில் நடக்கும்போது மனிதனுக்கு மனிதன் காட்டவேண்டிய மரியாதையும் ஜாக்கிரதையும் செல்போனுக்குள் நடக்கும்போதும் வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

கலாசாலையில் படித்தால்தான் இதையெல்லாம் பேச யோக்கியதை உண்டு என்று நினைக்காதீர்கள். நான் கலாசாலை வாசலை மிதித்தவனல்ல. எழுதியிருப்பதைப் படித்து, படித்ததை யோசித்து, யோசித்ததைப் பேசுகிறவன். அவ்வளவு உங்களாலும் முடியும்.

போளூர்ப் பக்கத்தில் நடந்தது

இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. 2018 மே மாதத்தில், நமக்கு அடுத்த திருவண்ணாமலை ஜில்லாவில், போளூர் தாலுகா அத்திமூர் கிராமத்துப் பக்கம் என்ன நடந்தது? வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸப்பில் ஒரு புரளி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தில், 65 வயதுள்ள ஒரு அம்மாள் வழியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான்! பிள்ளை பிடிக்க வந்துவிட்டார்கள் என்று சத்தம் கிளம்பிற்று. கூட்டம் கூடிற்று. அந்த அம்மாளை அடித்தே கொன்றுபோட்டார்கள். கூட வந்தவர்களும் படுகாயப்பட்டார்கள். அதே சமயத்தில் பழவேற்காட்டிலும் இதே புரளியால் ஒரு மனிதன் கொல்லப்பட்டான்.

தோழர்களே! கொன்றவர்கள் கொள்ளைக்காரர்களா? இல்லை. நம்மைப்போல் பிள்ளை குட்டிகளை உடைய ஜனங்கள். தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பாட்டியைக் கொன்றார்கள். அந்தச் செய்தியை யார் அனுப்பினது, எந்த ஊரில் எந்தப் பிள்ளை காணாமல் போயிற்று, போலீஸில் புகார் உண்டா என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, யாராவது கேட்டிருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பார்.

இந்தியா முழுவதும் இப்படிப்பட்ட கொலைகள் நடந்த பிறகு 2018 ஜூலையில் வாட்ஸப் கம்பெனிக்காரன், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி இந்த நாட்டில் கட்டுப்பாடு செய்தான். கம்பெனிக்காரன் விரலைக் கட்டலாம். புத்தியை யார் திறப்பது? பள்ளிக்கூடம்தான் திறக்கவேண்டும். "கேட்டதை நம்பாதே, விசாரி" என்பதை ஒரு பாடமாக வைத்து, கணக்குப் பாடம்போல் தினம் போட்டுப் பழக்கவேண்டும்.

இப்பொழுது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஏ.ஐ. என்ற யந்திர மூளை வந்தபின் ஒருவன் பேசாததைப் பேசியதாகக் குரல் செய்யலாம். செய்யாததைச் செய்ததாகப் படம் செய்யலாம். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொல்லும் பழமொழி இன்றைக்குத்தான் முழு உண்மையாயிற்று. அந்தப் பழமொழியின் கடைசிப் பாகத்தை மறந்துவிடாதீர்கள்: தீர விசாரிப்பதே மெய்.

பூட்டுப் போடுகிறவர்கள்

இனி, பள்ளிக்கூடத்துக்குள் செல்போனே கூடாது என்கிறவர்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக் கூடாதென்று கல்வி இலாகா பலமுறை உத்தரவு போட்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்களே, அதன்பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும், ஜாதிக் கயிறு கட்டக்கூடாது என்பதோடு, பள்ளி வளாகத்தில் மாணவர் செல்போன் உபயோகிக்கக் கூடாது என்றும் சிபாரிசு செய்யப்பட்டது. வெளிநாடுகளிலும் அப்படித்தான். பிரான்ஸ் தேசத்தில் 2018 லேயே ஆரம்ப, நடுத்தரப் பள்ளிகளில் தடைச் சட்டம் செய்தார்கள். யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2024 முடிவில் உலகத்தில் 79 நாடுகளின் கல்வி அமைப்புகளில் இப்படிப்பட்ட தடை இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருக்கவே கூடாதென்று சட்டம் அமுலுக்கு வந்தது.

வகுப்பில் பாடம் நடக்கும்போது செல்போன் வேண்டாம் என்பது நியாயம்தான். பாடத்திலிருந்து ஒரு தடவை கவனம் கலைந்தால் மறுபடி பாடத்துக்குத் திரும்ப இருபது நிமிஷம்வரை ஆகலாம் என்று அதே யுனெஸ்கோ அறிக்கை எடுத்துக்காட்டியிருக்கிறது. முக்கால் மணி நேர வகுப்பில் இரண்டு தடவை கலைந்தால் பாக்கி என்ன இருக்கும்? ஆகவே வகுப்பறைத் தடையை நான் ஆட்சேபிக்கவில்லை. நான் ஆட்சேபிப்பது, பூட்டோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற சோம்பேறித்தனத்தைத்தான்.

முதலாவது, பூட்டுப் போடுவதற்குக் காரணம் சொல்லவேண்டாமா? 2022 டிசம்பரில் மதுரை ஹைகோர்ட் கிளை, கோயில்களுக்குள் செல்போன் கூடாதென்று உத்தரவிட்டது. காரணம் என்னவென்றால் கோயிலின் புனிதம். சரி, அது அவர்கள் பாடு. பள்ளிக்கூடம் அப்படிப்பட்ட இடமா? பள்ளிக்கூடம் ஏன், எதற்கு என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிற இடம். அங்கேயும் "கூடாதென்றால் கூடாது" என்று சொன்னால் பிள்ளை என்ன செய்வான்? எதிரே தலையாட்டிவிட்டு, பையின் அடியில் ஒளித்துக்கொண்டு வருவான். காரணம் தெரியாமல் பணிகிறவனுக்கு, ஆள் இல்லாதபோது மீறுவதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும்.

இரண்டாவது, பல பள்ளிக்கூடங்களில் வாசலில் "செல்போனுக்கு அனுமதி இல்லை" என்று பலகை தொங்குகிறது. சாயந்திரம் ஆறு மணிக்கு அதே பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வருகிறது! காலையில் விஷம் என்றதைச் சாயந்திரம் மருந்து என்று கொடுத்தால் பிள்ளை எதை நம்புவது? களை எடுத்துவிட்டு வந்த தாய், வீட்டிலிருக்கும் ஒரே போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். பிள்ளை ஐந்து நிமிஷம் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறது; ஐம்பது நிமிஷம் ரீல்ஸ் பார்க்கிறது. இதில் தாயின் குற்றம் என்ன? விதி செய்தவர்கள் மணியடித்ததும் தங்கள் பொறுப்பு தீர்ந்துவிட்டதென்று நினைத்தார்களே, அந்தக் குற்றம்தான்.

மூன்றாவது, உபாத்தியாயர் பாடம் நடத்தும்போது போன் பார்த்தால் அதற்கு என்ன விதி? விதியென்றால் மேஜைக்கு இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். ஆனால் உபாத்தியாயர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். வருகைப் பதிவு முதல் பல புள்ளிவிவரங்களைச் செல்போனிலேயே ஏற்றும்படி கல்வி இலாகாதான் அவருக்கு உத்தரவு போடுகிறது. பாடம் நடத்த வந்தவரைக் கணக்கப்பிள்ளையாக்கிவிட்டு, ஏன் போனைப் பார்க்கிறாய் என்று கேட்பதும் நியாயமாகாது.

கொரோனா கற்றுக்கொடுத்தது

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 ஆம் தேதிதான் கதவு திறந்தது. ஏறக்குறைய இருபது மாதம்! அந்த இருபது மாதமும் "கல்வி போனில் நடக்கிறது" என்றார்கள். யார் வீட்டுப் போனில்? வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் அதைத் தகப்பன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். மிச்ச நேரத்தில் மகனுக்கு. மகளுக்கு அடுப்படி. 2019 ஆகஸ்டில் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சி ஒரு அளவுக்கு உதவிற்று. ஆனால் டி.வி. பெட்டியைப் பார்த்துச் சந்தேகம் கேட்க முடியுமா? பிள்ளைகள் படித்த எழுத்தையும் மறந்தார்கள். கடைசியில் என்ன செய்தார்கள்? 2021 அக்டோபர் 27 ஆம் தேதி நம்முடைய விழுப்புரம் ஜில்லாவில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதாவது, உள்ளூரில் படித்த பெண்கள் திண்ணையிலும் தெருவிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். போன் செய்ய முடியாததை மனிதர்கள் செய்தார்கள். யந்திரம் உபாத்தியாயருக்குக் கையாள், உபாத்தியாயர் ஆகமுடியாது.

அதே காலத்தில் 2021 மே மாதம், சென்னையில் பேர்பெற்ற ஒரு தனியார் பள்ளியின் உபாத்தியாயர், போன் வழி வகுப்பில் மாணவிகளிடம் ஆபாசமாக நடந்துகொண்டதாகப் புகார் கிளம்பி, போக்சோ சட்டப்படி கைதானார். புகார் எப்படி வெளியே வந்தது? பழைய மாணவிகள் சமூக வலைத்தளத்தில் எழுதியதால் வந்தது. அதன் பிறகுதான் சர்க்கார், போன் வழி வகுப்புகளைப் பதிவு செய்துவைக்கவேண்டும், பெற்றோரும் உள்ள ஒரு குழு அவைகளை அவ்வப்போது பார்வையிடவேண்டும், வகுப்பில் உபாத்தியாயர் எப்படி உடுத்தி எப்படி நடக்கவேண்டும் என்று விதி செய்தது. கவனியுங்கள் தோழர்களே! குற்றம் நடந்ததும் செல்போனில்தான். குற்றத்தை அம்பலப்படுத்தியதும் செல்போன்தான். பிள்ளைகளின் வாயைப் பூட்டியிருந்தால் விதியும் வந்திருக்காது.

2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் சர்க்கார் பெண்கள் பள்ளியில் ஒருவர் முன்ஜென்மப் பாவத்தால்தான் ஊனம் வருகிறது என்ற கருத்தில் உபதேசம் செய்தார். கண்பார்வையற்ற உபாத்தியாயர் ஒருவர் எழுந்து, "இதை எப்படிப் பள்ளிக்கூடத்தில் பேசலாம்?" என்று எதிர்த்துக் கேட்டார். அந்தப் படம் செல்போன்களில் பரவியதால்தான் நாடே அறிந்தது. கண்ணில்லாதவர் கேட்ட கேள்வியைக் கண்ணுள்ளவர்கள் எல்லோரும் பார்க்கும்படி செய்தது அந்த யந்திரம்தான்.

பெண்ணுக்கு மட்டும் ஏன் தடை?

தாய்மார்களே! இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் முன் சொன்ன அசர் அறிக்கையில், போன் உபயோகிக்கத் தெரிந்த பையன்களில் நூற்றுக்கு 36 பேருக்குச் சொந்தப் போன் இருக்கிறது. பெண்களில் 27 பேருக்குத்தான் இருக்கிறது. ஏன்? பெண் கையில் போன் இருந்தால் கெட்டுப்போவாளாம்! இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? பெண்ணுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் அந்நியனுக்குக் கடிதம் எழுதுவாள் என்று சொன்ன அதே வாய்தான் இது. அன்று எழுதுகோலைப் பிடுங்கினார்கள். இன்று போனைப் பிடுங்குகிறார்கள். ஆபாசப் படம் எடுத்து மிரட்டுகிறவன் பெரும்பாலும் ஆண். தண்டனையாகப் போனை இழக்கிறவள் பெண்! திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனை ஜெயிலில் போடுகிற நியாயமல்லவா இது?

2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்தது. ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போன் உபயோகிக்கக் கூடாதென்று விதி. அதற்கு உடன்படாத மாணவியை விடுதியைவிட்டு வெளியேற்றிவிட்டார்கள். இண்டர்நெட் பெறும் உரிமை, கல்வி பெறும் உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று கோர்ட்டார் தீர்ப்புச் சொல்லி, அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார்கள். ஆகவே பெண்ணுக்கு ஒரு விதி, பையனுக்கு ஒரு விதி என்று எந்தப் பள்ளிக்கூடம் செய்தாலும் அது ஒழுக்க விதி அல்ல, அடிமை விதி.

நம் பிள்ளைகளின் ஜாதகம்

ஜோசியக்காரன் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன கேட்கிறான்? பெயர், பிறந்த தேதி, ஊர், நட்சத்திரம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிக் காசு வாங்குகிறான். செல்போனில் வருகிற கல்விக் கம்பெனிக்காரனும் பெயர், பிறந்த தேதி, ஊர் கேட்கிறான். இவன் ஜோசியனைவிட ஆபத்தானவன். ஏனென்றால் ஜோசியனுக்கு ஒன்றும் தெரியாது. இவனுக்கு உண்மையாகவே தெரியும்! பிள்ளை எங்கே இருக்கிறான், எதைப் பார்க்கிறான், எத்தனை நேரம் பார்க்கிறான் என்பதெல்லாம் அவன் பேரேட்டில் ஏறுகிறது.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற ஸ்தாபனம், கொரோனா காலத்தில் 49 நாட்டு சர்க்கார்கள் சிபாரிசு செய்த நூற்றறுபதுக்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் வலைத்தளங்களையும் சோதித்து, 2022 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 89 பங்கு செயலிகள், பிள்ளைகளின் உரிமைக்குக் கேடு வரும்படி அவர்களுடைய விவரங்களைக் கையாண்டன என்பது அதன் முடிவு. நம் இந்திய சர்க்காரின் தீக்ஷா செயலியும் அதில் சிக்கிற்று. பிள்ளை இருக்கும் இடத்தையே கண்டறியக்கூடியதாக அது இருந்ததாம். 2023 ஜனவரியில் வந்த செய்தி இன்னும் மோசம். அந்தத் தீக்ஷாவின் கிடங்கு ஒன்று பூட்டில்லாமல் திறந்து கிடந்ததால், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உபாத்தியாயர்களுடையவும், ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களுடையவும் விவரங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் பார்க்கும்படி கிடந்தன. பிள்ளைகளின் போனுக்குப் பூட்டுப் போடச் சொல்லுகிறவர்கள், பிள்ளைகளின் விவரத்துக்குப் பூட்டுப் போட மறந்துபோனார்கள்!

2023 இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செய்யப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரத்தை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கவோ, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவோ கூடாது என்றும் அதில் இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள், படிப்புக்காகவும் பத்திரத்துக்காகவும் கண்காணிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கின்றன. விலக்குக் கொடுத்த இடத்தில்தான் நாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த முறை பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு செயலியை இறக்கச் சொன்னால், "இது யாருடையது? என்ன விவரம் எடுக்கிறது? எடுத்ததை எப்போது அழிப்பீர்கள்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆட்டை விற்கும்போதே பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர் இது. பிள்ளையின் விவரத்தைக் கொடுக்கும்போது ஏன் சும்மா கொடுக்கவேண்டும்?

உறைக்குள் தூங்கும் கம்ப்யூட்டர்

1578 லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சடித்தாய்விட்டது. அதற்கு முந்நூறு வருஷத்துக்குப் பின்னும் நம்மில் பெரும்பாலோர் கைநாட்டாகவே இருந்தோம். ஏன்? யந்திரம் வந்தது, அதைத் தொட நமக்குப் பாத்தியதை வரவில்லை. இப்பொழுதும் அந்தக் கதையே நடக்க விடக்கூடாது.

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தது. பிறகு 6,029 சர்க்கார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள். 2024 இல் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்றும், ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கம்ப்யூட்டர் என்றும் திட்டம் போட்டார்கள். நல்ல காரியம்தான், கூலிக்காரன் பிள்ளையும் பணக்காரன் பிள்ளையும் ஒரே யந்திரத்தைத் தொடுவதென்றால் அது சமத்துவத்துக்கு வழி. ஆனால் சில இடங்களில் என்ன நடக்கிறது? கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு, அறையைப் பூட்டி, சாவியைத் தலைமை உபாத்தியாயர் மேஜையில் வைத்துவிடுகிறார்கள். ஆயுத பூஜையன்று மட்டும் உறையை நீக்கிக் குங்குமப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுகிறார்கள்! கம்ப்யூட்டருக்குப் பொட்டு வேண்டாம் தோழர்களே, பிள்ளையின் விரல் வேண்டும்.

கேரளத்தில் 2018 முதல் "லிட்டில் கைட்ஸ்" என்று மாணவர் சங்கங்களைப் பள்ளிதோறும் வைத்து, யந்திரத்தைப் பராமரிக்கவும், செய்தியைச் சரிபார்க்கவும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பிள்ளைகளையே பழக்கி வருகிறார்கள். அதுவும் கம்பெனிக்காரனுக்குக் காசு அழாமல் கட்டற்ற மென்பொருளிலேயே செய்கிறார்கள். பக்கத்து ராஜ்யத்தான் செய்யமுடிந்ததை நாம் செய்யமுடியாதா?

விதி எப்படியிருக்க வேண்டும்?

2025 இல் டெல்லி ஹைகோர்ட்டில் இந்த விஷயம் வந்தபோது, அடியோடு தடை செய்வது விரும்பத்தக்கதும் அல்ல, நடக்கக்கூடியதும் அல்ல. முடிந்த இடத்தில் போனைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டுப் போகும்படி செய்யுங்கள், வகுப்பில் உபயோகத்தைத் தடுங்கள், ஆனால் பொறுப்பாக உபயோகிக்கக் கற்றுக்கொடுங்கள், பெற்றோரையும் மாணவரையும் கலந்து விதி செய்யுங்கள் என்று வழி சொன்னார்கள். நம் ஊர்ப் பள்ளிகளுக்கு நான் சொல்லும் விதிகள் இவை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, விதி தமிழில், ஒரே பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு எழுதி, பள்ளிச் சுவரில் ஒட்டப்படவேண்டும்.

இரண்டாவது, வகுப்பு நேரத்தில் போன் கூடாது என்பது மாணவர், உபாத்தியாயர், பார்வையிட வரும் அதிகாரி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். தூரத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை போன் கொண்டுவந்தால், காலையில் வாங்கி வைத்து மாலையில் திருப்பிக் கொடுக்க இடம் வேண்டும்.

மூன்றாவது, வீட்டுப்பாடம் கரும்பலகையிலும் நோட்டிலும் எழுதப்படவேண்டும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை அதனால் பின்தங்கக் கூடாது. போனில் பாடம் நடத்த நேர்ந்தால், 2020 இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட பிரக்யாதா விதிப்படி எட்டாவது வரையில் தினம் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிஷமுள்ள இரண்டு வகுப்புகளுக்கு மேல் போகக்கூடாது.

நான்காவது, வாரத்தில் ஒரு மணி நேரம், புரளியை விசாரிப்பது, பாஸ்வேர்டைக் காப்பது, ஓ.டி.பி. கேட்கிறவனுக்குக் கொடுக்காதிருப்பது, பிறர் படத்தை அனுமதியின்றி அனுப்பாதிருப்பது, ஜாதிப் பெருமையையும் ஜாதி இழிவையும் ஸ்டேட்டஸில் வைக்காதிருப்பது ஆகியவைகளைப் பாடமாகச் சொல்லவேண்டும்.

ஐந்தாவது, தொல்லைக்குள்ளான பிள்ளை பயமில்லாமல் சொல்ல வழி இருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு 1098, பள்ளி விஷயங்களுக்கு 14417, பண மோசடிக்கு 1930 என்ற நம்பர்கள் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் எழுதப்படவேண்டும். சொன்ன பிள்ளையின் போனைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்த பிள்ளை சொல்லமாட்டாள்.

ஆறாவது, தவறு செய்த பிள்ளைக்கு அடியும் அவமானமும் கூடாது. போனை உடைப்பது, கூட்டத்தில் நிறுத்திப் பிள்ளையின் செய்திகளை உரக்கப் படிப்பது போன்ற காரியங்கள் காட்டுமிராண்டித்தனமாகும். சுயமரியாதையை இழந்த பிள்ளை பிறர் மரியாதையை எப்படிக் காப்பான்?

யார் செய்வது?

இதையெல்லாம் மந்திரி வந்து செய்யவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். 2009 ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பங்கு பெண்கள். அதாவது, களை எடுக்கிற தாய்க்கும் மாடு மேய்க்கிற தகப்பனுக்கும் சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது. நாம்தான் போய் உட்காருவதில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அமாவாசையென்றால் மேல்மலையனூருக்கு ராத்திரி முழுவதும் கண்விழித்து நிற்கிற நம் ஜனங்கள், மாதத்துக்கு ஒரு மணி நேரம் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிற்க முடியாதா? கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் சாலைக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடுகிறபோது, பிள்ளைகளின் போனுக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். முக்கியமாக, விதி செய்யும்போது அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேளுங்கள். செருப்பு எங்கே கடிக்கிறதென்று போட்டுக்கொண்டிருப்பவனுக்குத்தான் தெரியும்.

நம் பாட்டன் காலத்தில் நமக்குப் படிக்க உரிமை இல்லை என்றார்கள். போராடிப் பெற்றோம். இன்று நம் பிள்ளையின் உள்ளங்கையில் உலகத்துப் புத்தகசாலையும் இருக்கிறது. உலகத்துக் குப்பைமேடும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிகிற புத்தியைக் கொடுக்காமல் போனை மட்டும் கொடுப்பதும் துரோகம்; புத்தியைக் கொடுக்கச் சோம்பிப் போனை மட்டும் பிடுங்குவதும் துரோகம். அத்திமூரில் ஒரு பாட்டி மிட்டாய் கொடுத்ததற்காகச் செத்தாளே, அப்படி இன்னொரு உயிர் இந்தப் பக்கத்தில் போகாமல் இருப்பது நம் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களைப் பழக்குங்கள். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய், "உங்கள் விதி எங்கே? காட்டுங்கள்" என்று நீங்கள் முதலில் கேளுங்கள்.